காசு கொடுத்து வாங்கிய களை

12 செடிகள், ஒன்று 25 ரூபாய். மொத்தம் 300 ரூபாய் கொடுத்து என் வீட்டுத் தோட்டத்தை நானே கெடுத்துக்கொண்டேன். அதோடு நின்றிருந்தால் அது என் வீட்டுச் சமாச்சாரம். எழுதி உங்கள் நேரத்தை வீணாக்கியிருக்க மாட்டேன். மதிலுக்கு வெளியே, எனக்கு எந்த உரிமையும் இல்லாத ஒரு வாய்க்கால் கரையையும் சேர்த்துக் கெடுத்தேன். அந்தக் கரையில் ஒரு வயதான அம்மா கீரை பறித்துக்கொண்டிருந்தார். பிறகு அங்கே பறிப்பதற்கு ஒன்றும் இல்லாமல் போயிற்று.

மன்னிப்புக் கேட்பதற்காக இதை எழுதவில்லை. கோபத்தில் எழுதுகிறேன். கோபம் முதலில் என்மேல். அப்புறம், பச்சையாக எதைப் பார்த்தாலும் கும்பிடு போடுகிற நம் எல்லோர்மேலும்.

கோவைக்கு மேற்கே, தொண்டாமுத்தூர் சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, 2018இல் வீடு கட்டிக் குடிவந்தோம். 6 சென்ட் இடம். பின்பக்கம் நிலம் சரிந்து இறங்கும். சரிவின் அடியில் மதில், மதிலுக்கு அப்பால் மழைக்காலத்தில் மட்டும் தண்ணீர் பார்க்கும் பழைய வாய்க்கால். முதல் ஐப்பசி மழையிலேயே சரிவு மண் கரைந்து மதிலோரம் சேறாகக் குவிந்தது. அக்கம்பக்கத்தில் விசாரித்து ஒரு நர்சரிக்குப் போனேன். நர்சரிக்காரர் நல்ல மனிதர். கறுப்புப் பையில் இருந்த ஒரு கொடியைத் தூக்கிக் காட்டினார். பளபளவென்று தடித்த இலை, தங்க மஞ்சளில் பூ.

"சார், இதப் போடுங்க. மூணே மாசம். அப்புறம் மண்ணே கண்ணுக்குத் தெரியாது."

பெயர் கேட்டேன்.

"சிங்கப்பூர் டெய்சிம்பாங்க. மஞ்சக் கரிசலாங்கண்ணின்னும் சொல்லுவாங்க. எல்லாம் ஒண்ணுதான் சார்."

முதலில் சொன்னது முழு உண்மை, இரண்டாவதாகச் சொன்னது முழுப் பொய். பொய் என்று அவருக்கே தெரிந்திருக்காது. தெரிந்துகொள்ள வேண்டும் என்று எனக்கும் அன்று தோன்றவில்லை. ஒரு செல்போன் வாங்குவதற்கு ஒரு வாரம் ஆராய்ச்சி செய்கிறவன், மண்ணில் வேர்விடப்போகும் ஓர் உயிரை ஐந்து நிமிடத்தில் வாங்கி வண்டியில் ஏற்றினேன்.

அந்தச் செடியின் தாவரவியல் பெயர் ஸ்பாக்னெட்டிகோலா ட்ரைலோபேட்டா. பழைய பெயர் வெடெலியா. நர்சரிகளில் இன்னும் அந்தப் பெயர்தான் புழங்குகிறது. சிங்கப்பூருக்கும் அதற்கும் பிறப்பு உறவு கிடையாது. மெக்சிகோ, மத்திய அமெரிக்கா, கரீபியத் தீவுகள், தென்னமெரிக்காவின் வெப்பப் பகுதிகள், இவைதான் அதன் பிறந்த வீடு. அழகுக்காகவும் மண்ணை மூடுவதற்காகவும் உலகம் முழுக்கக் கொண்டுபோனார்கள். உலகின் மிக மோசமான 100 ஆக்கிரமிப்பு உயிரினங்கள் என்று பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் தொகுத்த பட்டியலில் இந்தக் கொடிக்கு இடம் உண்டு. அதே பட்டியலில்தான் ஆகாயத்தாமரையும் உண்ணிச்செடியும் இருக்கின்றன. நமக்கு "வேகமாக வளரும் மரம்" என்று பரிந்துரைக்கப்பட்ட சூபாபுல்லும் இருக்கிறது.

இது பரவுவதற்கு விதைகூட அவசியமில்லை. கொடி தரையில் படர்ந்து போகும்போது ஒவ்வொரு கணுவிலும் வேர் இறக்கும். நீங்கள் ஒரு கொடியை வெட்டிப் பத்துத் துண்டாக்கினால், பத்துச் செடி நட்டதாக அர்த்தம். படர்ந்த இடத்தில் கனத்த பாய் விரித்ததுபோல் மூடிக்கொள்ளும். கீழே வெளிச்சம் இறங்காது. போதாததற்கு, பக்கத்தில் வேறு விதை முளைப்பதையே தடுக்கும் பொருட்கள் இதன் இலையிலும் வேரிலும் இருப்பதாக ஆய்வுகள் சொல்கின்றன.

நர்சரிக்காரர் சொன்ன வாக்கைக் காப்பாற்றினார். மூன்றே மாதத்தில் சரிவு முழுக்கப் பச்சை. ஆறாம் மாதம் பச்சைமேல் மஞ்சள் பூ. வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் போட்டோ எடுத்தார்கள். கேட்டவர்களுக்கெல்லாம் நான் கர்ணன்போலக் கிள்ளிக் கிள்ளிக் கொடுத்தேன். குறைந்தது ஒன்பது வீடுகள். இரண்டாம் வருடம் சரிவிலிருந்து மேலே ஏறி மஞ்சள் பாத்திக்குள் வந்தது. தானாக முளைத்து வருகிற கீழாநெல்லியும் குப்பைமேனியும் வருவதை நிறுத்தின. தொட்டியிலிருந்து இறக்கி வைத்த வல்லாரை காணாமல் போனது. தூதுவளையின் அடியைச் சுற்றிக்கொண்டது. அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. "நல்லா வளருது" என்று சந்தோஷப்பட்டேன். ஓரம் கட்டுவதற்காகக் கத்தரித்து, கத்தரித்ததை மதிலுக்கு மேலே தூக்கி அந்தப் பக்கம் போட்டேன். இலைதழைதானே, மக்கி உரமாகட்டும் என்ற நல்லெண்ணம்.

2021இல் களை வெட்டுவதற்கு ஓர் ஆத்தா வந்தார். எழுபதை நெருங்கிய வயது. களைக்கொத்தைக் கையில் வைத்துக்கொண்டு சரிவைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றார்.

"இதென்னுங் சாமி, இத்தன கொடி? யாருங் வெச்சது?"

"நாந்தான் ஆத்தா. நர்சரில காசு குடுத்து வாங்கியாந்து வெச்சேன்."

அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "காசு குடுத்துங்களா? நாங்க காசு வாங்கிட்டுக் களை வெட்டுவோமுங். காசு குடுத்துக் களை வாங்குனவிங்கள இப்பத்தானுங் பாக்கறேன்."

நானும் சிரித்தேன். அடுத்து அவர் சொன்னதுதான் இன்றுவரை தொண்டையில் நிற்கிறது.

"வாய்க்காக் கரையிலயும் இதேதானுங் கெடக்குது. பொன்னாங்கண்ணி, வல்லாரை எல்லாம் அங்கதானுங் பறிச்சுட்டிருந்தேன். ஒண்ணையும் காணோமுங். எவனோ கொண்டாந்து கொட்டீட்டுப் போயிட்டானுங்."

அந்த எவனோ நான்தான். அன்று அவரிடம் அதைச் சொல்லும் தைரியம் எனக்கு வரவில்லை.

அவருக்கு அந்தக் கரை சும்மா ஒரு புறம்போக்கு இல்லை. வாரத்தில் மூன்று நாள் குழம்புக்கு அதுதான் வழி. மிஞ்சியதைக் கட்டுக்கட்டி நாலு வீட்டில் கொடுத்தால் கையில் கொஞ்சம் காசு. எந்த ஆவணத்திலும் இல்லாத, யாரும் விதைக்காத, யாருக்கும் பணம் கட்ட வேண்டாத ஒரு தோட்டம் அவருக்கு இருந்தது. என்னுடைய 300 ரூபாய் அழகு அதை விழுங்கிவிட்டது. ஆக்கிரமிப்புத் தாவரங்கள் என்றால் யானைக்கு மேய்ச்சல் போச்சு, மானுக்குப் புல் போச்சு என்று காட்டைப் பற்றியே பேசுகிறோம். நம் மதிலுக்கு அந்தப் பக்கம் ஒரு மனுஷிக்குக் கீரை போச்சு என்பதை எந்தக் கணக்கில் வைப்பது?

இனி என் குற்றச்சாட்டுகள்.

முதலாவது, நம் மூலிகை மயக்கம். கரிசலாங்கண்ணி என்ற பெயருக்கு நம்மிடம் தனி மரியாதை உண்டு. வள்ளலார் தூதுவளையோடும் முசுமுசுக்கையோடும் சேர்த்துச் சிறப்பித்த கீரை அது. மஞ்சள் கரிசலாங்கண்ணி என்பது நம் ஊர் ஈரநிலத்துச் செடி. அதன் இலை ஒடுங்கி நீண்டிருக்கும், தொட்டால் சொரசொரக்கும், கொடியாகக் காடு கட்டாது. நர்சரியில் விற்பது அகன்று தடித்து மினுக்கும் இலை. பெரும்பாலும் மூன்று மடலாகப் பிரிந்திருக்கும். இரண்டும் நெருங்கிய சொந்தம், பூவும் கிட்டத்தட்ட ஒன்று. அவ்வளவுதான் ஒற்றுமை. என் அண்ணி நான் கொடுத்த கொடியைத் தொட்டியில் வளர்த்து, மஞ்சள் கரிசலாங்கண்ணி என்று நம்பி எட்டு மாதம் கூட்டு வைத்துச் சாப்பிட்டிருக்கிறார். "கல்லீரலுக்கு நல்லதுன்னு வீடியோல சொன்னாங்களே" என்றார். வீடியோவில் காட்டியதும் இதே தவறான செடிதான். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை, அது அதிர்ஷ்டம். சித்த மருத்துவர்கள் ஒரு மூலிகையின் இலை, தண்டு, மணம், முளைக்கும் இடம் எல்லாம் பார்த்து அடையாளம் சொல்லிக்கொடுத்தார்கள். நாம் அந்த மரபின் பெருமையை மட்டும் எடுத்துக்கொண்டு அதன் கண்ணைத் தொலைத்துவிட்டோம். மஞ்சள் பூ பூத்தால் கரிசலாங்கண்ணி என்கிற நிலைமையில் இருந்துகொண்டு மரபு மரபு என்று பேசுவது வெட்கக்கேடு.

இரண்டாவது, வரலாற்றிலிருந்து எதையும் கற்காத நம் மந்தபுத்தி. ஆக்கிரமிப்புச் செடிகளில் பல படையெடுத்து வரவில்லை. அவற்றை ஆசை ஆசையாய் அழைத்து வந்தார்கள். உண்ணிச்செடி 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்கத்தா தாவரவியல் தோட்டத்துக்கு அழகுச்செடியாக வந்தது. இன்று மேற்குத்தொடர்ச்சி மலைக் காடுகளின் அடித்தளத்தை அது பிடித்து வைத்திருக்கிறது. ஆகாயத்தாமரை தென்னமெரிக்காவிலிருந்து குளத்து அலங்காரமாக வங்காளத்துக்குள் வந்தது. சில பத்தாண்டுகளில் படகுப் போக்குவரத்தும் நெல்வயலும் ஸ்தம்பித்து, அதை ஒழிப்பதற்கென்றே 1936இல் வங்காளத்தில் தனிச்சட்டம் போட வேண்டியிருந்தது. நீலகிரியில் புல்வெளியைத் தின்னும் கோர்ஸ், ஸ்காட்ச் புரூம் புதர்கள், ஊர் ஞாபகத்தில் ஏங்கிய வெள்ளைக்காரர்கள் வைத்தவை. சீமைக்கருவேலம் விறகுக்காகவும் வறண்ட நிலத்தைப் பசுமையாக்கவும் கொண்டுவரப்பட்டது. எல்லாக் கதையிலும் தொடக்கத்தில் ஒரு நல்லெண்ணக்காரர் நிற்கிறார். நூறு வருடம் கழித்து நீதிமன்றமும் பொக்லைனும் வந்து நிற்கின்றன.

மூன்றாவது, அரசு. தமிழ்நாடு அரசு 2022இல் ஆக்கிரமிப்புத் தாவரங்களுக்கும் சூழல் மீட்டெடுப்புக்கும் என்றே ஒரு கொள்கையை வெளியிட்டது. பாராட்ட வேண்டிய காரியம். அதே ஆண்டு திருத்தப்பட்ட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், அயல் ஆக்கிரமிப்பு இனங்களின் இறக்குமதியையும் விற்பனையையும் கட்டுப்படுத்தவோ தடை செய்யவோ ஒன்றிய அரசுக்கு அதிகாரம் தருகிறது. அதற்கும் முன்னால், 1919ஆம் ஆண்டிலேயே, தீங்கான களைகள் பரவாமல் தடுக்க மதராஸ் மாகாணத்தில் சட்டம் இருந்தது. சட்டத்துக்குப் பஞ்சமில்லை. ஆனால் என் வீட்டிலிருந்து மூன்று கிலோமீட்டருக்குள் நான் போய்ப் பார்த்த நான்கு நர்சரிகளிலும் இந்தக் கொடி இன்றைக்கும் வாசலிலேயே அடுக்கியிருக்கிறது. காட்டுக்குள் கோடி கோடியாய்ச் செலவழித்து உண்ணிச்செடியைப் பிடுங்குவது ஒரு பக்கம், ஊருக்குள் அடுத்த உண்ணிச்செடியை 25 ரூபாய்க்கு விற்க விடுவது இன்னொரு பக்கம். பானையில் ஓட்டையை வைத்துக்கொண்டு கிணற்றுக்கும் வீட்டுக்கும் நடக்கிற வேலை இது.

இதையெல்லாம் நண்பர்களிடம் சொன்னபோது வந்த மறுப்புகள் சுவாரசியமானவை. பெரும்பாலும் படித்தவர்கள், இயற்கை விவசாயத்தில் நாட்டம் உள்ளவர்கள்.

"களை என்று ஒன்று இல்லை, அது மனிதன் வைத்த பெயர், விட்டுவிடுங்கள், இயற்கை தானே சமன் செய்துகொள்ளும்" என்றார் ஒருவர். உடனே ஃபுகோகாவை எடுத்துப் போட்டார். 'ஒற்றை வைக்கோல் புரட்சி'யைப் படித்தவர்கள் அதில் ஒரு பகுதியை மட்டும் ஏனோ மறந்துவிடுகிறார்கள். அப்பாவின் ஆரஞ்சுத் தோப்பை இயற்கைக்கே விடுகிறேன் என்று கவாத்து செய்யாமல் விட்டு, கிளைகள் பின்னி, பூச்சி விழுந்து, மரங்கள் பட்டுப்போனதை அவரே எழுதியிருக்கிறார். கைவிடுவது வேறு, இயற்கை வேளாண்மை வேறு என்பதை அங்கேதான் கற்றுக்கொண்டதாகவும் சொல்கிறார். களையை அடக்குவதற்கு அவர் வைக்கோல் பரப்பினார், வெள்ளை க்ளோவர் விதைத்தார். கையைக் கட்டிக்கொண்டு உட்காரவில்லை. தவிரவும், இயற்கை சமன் செய்யும் என்றால் எத்தனை வருடத்தில்? இந்தக் கொடியை அதன் ஊரில் தின்று அடக்கும் பூச்சிகளும் நோய்களும் இங்கே கூட வரவில்லை. அந்தச் சமன்பாடு உருவாகும்வரை ஆத்தா கீரைக்குக் காத்திருக்க முடியுமா?

"தேனீ வருது, பட்டாம்பூச்சி வருது சார்" என்றார் இன்னொருவர். வருகிறதுதான், நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் தேன் குடிப்பது சாப்பாட்டுக்கடைக்குப் போவது மாதிரி. முட்டையிட்டுப் புழு வளர்வதற்கு அதற்கென்று உரிய செடி வேண்டும். எலுமிச்சை வண்ணத்துப்பூச்சிக்கு எலுமிச்சைக் குடும்பம், வெந்தய வரியனுக்கு எருக்கு. எருக்கு முளைக்க இடமில்லாமல் அடைத்துவிட்டு, பூவைக் காட்டி வா வா என்று கூப்பிட்டு என்ன பிரயோஜனம்?

மூன்றாவது மறுப்பு கொஞ்சம் கனமானது. "அயல், ஆக்கிரமிப்பு என்கிற வார்த்தைகளே ஆபத்து. இன்றைக்குச் செடியைச் சொல்வார்கள், நாளைக்கு மனிதரைச் சொல்வார்கள்." இந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. அதனால் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். அயலூரிலிருந்து வந்தது இந்தச் செடியின் குற்றம் இல்லை. மிளகாய், தக்காளி, பப்பாளி, கொய்யா, நிலக்கடலை, முந்திரி எல்லாமே அமெரிக்கக் கண்டங்களிலிருந்து வந்தவை. அவை இல்லாமல் நம் அடுப்பு எரியாது. மிளகாய்ச்செடி மதிலைத் தாண்டிப் போய் வாய்க்காலை மூடியதில்லை. எங்கிருந்து வந்தாய் என்று நான் கேட்கவில்லை, பக்கத்தில் இருப்பவனுக்கு இடம் விடுகிறாயா என்று கேட்கிறேன். செடிக்கு மனம் கிடையாது. அதனிடம் கேட்கவும் முடியாது. ஆகவே கேள்வி அதை நட்டவனுக்குத்தான் வரும். இதில் மனிதரை ஒதுக்குவதற்கான வாதம் எதுவும் இல்லை. இது சொந்தக்காரனைப் பொறுப்பேற்கச் சொல்லும் வாதம்.

நான்காவது ஆள் வாதமே செய்யவில்லை. "ஒரு ரவுண்டு மருந்து அடிங்க, முடிஞ்சுது" என்றார். மருந்து என்று அவர் சொன்னது கிளைபோசேட். 2022 அக்டோபரில் ஒன்றிய அரசு, பூச்சிக்கட்டுப்பாட்டுப் பணியாளர்கள் வழியாக மட்டுமே அதைப் பயன்படுத்தலாம் என்று அறிவிக்கை வெளியிட்டது. வாய்க்கால் பக்கத்தில், மஞ்சளும் வல்லாரையும் இருந்த மண்ணில், அதைத் தெளிக்க எனக்கு மனம் வரவில்லை. உப்புக் கரைத்து ஊற்றச் சொல்லும் வீடியோக்களும் உண்டு. உப்பு கொடியைக் கொல்லும். அதோடு மண்ணையும் கொல்லும்.

கடைசியில் கையால்தான் பிடுங்கினோம். 2022 கார்த்திகையில், மழை விட்டு மண் இளகியிருந்தபோது, ஆத்தாவும் அவர் மருமகளும் நானுமாக ஒன்பது நாள். மேலிருந்து கீழாக, ஒரு முழம் ஒரு முழமாக. களைக்கொத்தால் வெட்டக் கூடாது, கணுவோடு இழுக்க வேண்டும். விரல் நீளத் துண்டு விட்டுப்போனாலும் அடுத்த மழையில் எழுந்து நிற்கும். பிடுங்கியதை மண்ணில் போடக் கூடாது; பச்சையாகக் குப்பைக்குழியிலும் போடக் கூடாது. மொட்டைமாடியில் தார்ப்பாய் விரித்து, முறுமுறுவென்று நொறுங்கும்வரை காயப்போட்டோம். பிடுங்கிய சரிவில் அட்டைப்பெட்டிகளைப் பிரித்துப் பரப்பி, மேலே தென்னை மட்டையும் வைக்கோலும் போட்டு மூடினோம். மண் அரிக்காமல் இருக்க வெட்டிவேர் வரிசையாக வைத்தேன். 2018லேயே அதை வைத்திருக்கலாம். மழைநீர் சரிவில் இறங்கும் வேகத்தைக் குறைக்கும், ஆழமாக வேர்விடும், ஊர் சுற்றாது.

இன்றும் மாதம் ஒரு முறை சரிவில் நடந்து பார்க்கிறேன். ஒவ்வொரு முறையும் எங்காவது ஒரு கணு தலை நீட்டியிருக்கும். 300 ரூபாய்க்கு வாங்கியதை எடுப்பதற்குக் கூலி மட்டும் 13,000 ரூபாய்க்கு மேல் ஆனது. நான் கொடுத்த ஒன்பது வீடுகளுக்கும் போய்ச் சொன்னேன். நான்கு வீட்டில் எடுத்துவிட்டார்கள். மூன்று வீட்டில் "பார்க்கலாம்" என்றார்கள். இரண்டு வீட்டில், "நல்லாத்தானே இருக்கு, உங்களுக்கு என்ன ஆச்சு?" என்று என்னை ஒருமாதிரி பார்த்தார்கள்.

நர்சரிக்காரரிடமும் போனேன். சண்டைக்குத்தான் போனேன். அவர் டீ வாங்கிக் கொடுத்து, பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "ஜனங்க கேக்கறாங்க சார், விக்கறேன். நான் விக்கலேன்னா அடுத்த கடைல வாங்குவாங்க." அதில் தப்பிப்பு இருக்கிறது, ஆனால் உண்மையும் இருக்கிறது. நாம்தான் கேட்கிறோம். சீக்கிரம் வளர்வது, தண்ணீர் கேட்காதது, பார்க்க ஆள் வேண்டாதது, எப்போதும் பூப்பது. நாம் அடுக்குகிற இந்த விருப்பப் பட்டியலை அப்படியே எழுதிப் பாருங்கள். ஓர் ஆக்கிரமிப்புச் செடியின் இலக்கணம் அதுதான்.

எனவே நான் கேட்பது பெரிய புரட்சி ஒன்றும் இல்லை. ஒவ்வொரு செடிப்பையிலும் அதன் சரியான பெயரும், அது பரவுமா என்ற ஒரு வரியும் ஒட்டியிருக்க வேண்டும். ஊருக்கு ஊர் சாலை நடுத்திட்டில் இந்தக் கொடியைப் பரப்புவதை நிறுத்த வேண்டும். தோட்டம் வைத்திருக்கும் நீங்கள், ஒரு செடியை வாங்கும் முன் இது எப்படி வளரும் என்று கேட்பதோடு, இதை எடுக்க வேண்டுமென்றால் எப்படி எடுப்பது என்றும் கேளுங்கள். கடைக்காரரால் பதில் சொல்ல முடியாவிட்டால் வாங்காதீர்கள். கத்தரித்த தழையை மதிலுக்கு மேல் தூக்கி எறியாதீர்கள். அந்தப் பக்கம் எப்போதும் யாரோ ஒருவர் இருக்கிறார்.

ஒன்பதாம் நாள் மாலை கூலி கொடுக்கும்போது ஆத்தாவிடம் சொல்லிவிட்டேன், வாய்க்கால் கரையில் கொட்டியது நான்தான் என்று. அவர் பணத்தை எண்ணி முடித்து, முந்தானையில் முடிந்துகொண்டார். கோபப்படவும் இல்லை, பரவாயில்லை என்று சொல்லவும் இல்லை.

"அப்ப நாளைக்கு அங்க வந்துருட்டுங்களா?" என்றார்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு மூவரும் கரையில் இறங்கினோம். என் சரிவைப்போல நான்கு மடங்கு நீளத்துக்கு அது போயிருந்தது. முதல் கட்டைப் பிடுங்கித் தலைமேல் தூக்கிக்கொண்டு அவர் கேட்டார்:

"இத எங்கீங் சாமி கொண்டுபோய்ப் போடறது?"

என் மொட்டைமாடியைக் காட்டினேன்.